இடது காது

மார்ச் 22

அப்பா இன்றைக்கும் என் காதை வைத்துக் கைதட்டல் வாங்கினார்.

மணப்பாறைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோவில், பூச்சொரிதல் விழா. அதில் பட்டிமன்றம். ‘பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கக் காரணம் பெற்றோரின் கண்டிப்பா, அரவணைப்பா?’ அப்பா கண்டிப்பு அணியின் தலைவர். இந்த வருஷம் எந்த ஊரிலும் இதே தலைப்புதான் கேட்கிறார்கள்.

“எம் மகன் பாலிடெக்னிக் சேர பேங்க் கடனுக்குக் கையெழுத்துக் கேட்டான். போட மாட்டேன்னேன். வெளிய போய் உன் காலுல நில்லுடான்னேன். போனான். இன்னைக்குத் துறையூர்ல சொந்தமா மோட்டார் கடை வச்சிருக்கான். ஒரே ஒரு குறை. இடது காது கேக்காது. எப்படிய்யா கேக்கும்? பதினெட்டு வருஷம் அந்தக் காதுலதானே நான் அறிவுரை சொன்னேன்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ராட்டினத்துக்குப் பின்னால், அப்பாவின் பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

காது அறிவுரையில் போகவில்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டியில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் மூன்று வருஷம் நின்றதில் போனது. சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஓட்டை போட்ட இடமெல்லாம் கம்ப்ரசர் எனக்கு இடப்பக்கம்தான் இருந்தது. பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்லவும் ஆளில்லை.

செப்புக்கம்பிக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி கடையில் சும்மா கிடந்தது. எழுதுகிறேன். என் வாழ்க்கையை ஊர் ஊராக ஒருத்தர் மைக்கில் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதற்கு மறுப்பு எங்காவது ஒரு இடத்தில் இருக்க வேண்டும்.

மார்ச் 23

மூன்று மோட்டாருக்குச் செப்புக் காயில் கட்டினேன். ஒன்று முழுக்கக் கருகி வந்தது. வார்னிஷ் வாசனை என் மனைவி சுகந்திக்கு ஆகவில்லை. ஏழாம் மாதம். கடைக்குப் பின்னால்தான் வீடு என்பதால் கதவைச் சாத்தினாலும் போகும்.

“அவர் மேல அவ்வளவு கோவம்ங்கறீங்க. அப்புறம் எதுக்கு விடியக்காலையில எந்திரிச்சு சுக்குத் தண்ணி போட்டு பிளாஸ்க்ல ஊத்தறீங்க?” என்றாள்.

தொண்டை கட்டிக்கொண்டால் பேச முடியாது, பேச முடியாவிட்டால் வண்டி வாடகை வராது என்றேன்.

“வாடகையா. சரி, சரி” என்றாள்.

மார்ச் 29

அப்பாவை நான்தான் ஆம்னியில் கூட்டிப்போகிறேன். விழாக் கமிட்டி பெட்ரோலுக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

அவர் முன்சீட்டில் உட்காரமாட்டார். முன்சீட் எனக்கு இடப்பக்கம், அங்கிருந்து பேசினால் எனக்குக் கேட்காது. எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசுவார். “லாரியை முந்தாத.” “தண்ணி குடு.” “இன்னைக்குக் கூட்டம் சுமார்தான், என்ன?” வாழ்நாள் முழுக்கத் தமிழ் பேசிச் சம்பாதித்த மனுஷன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம், மேடையில் இருபது வருஷம். நோட்டீஸில் ‘சொல்லருவி மாசிலாமணி’ என்று போடுகிறார்கள். எனக்குக் கிடைத்தது லாரியும் தண்ணியும்.

முன்சீட்டில் ஒரு பழைய மோட்டார் மூடியைப் போட்டு வைத்திருக்கிறேன். கிரீஸ் படிந்தது. இடம் அடைத்துக்கொண்டு கிடக்கட்டும்.

ஏப்ரல் 4

எழினிக்குப் பரீட்சை முடிந்தது. என் தங்கை. அம்மா போனபின் நாலு வருஷமாக ஆசிரியர் காலனி வீட்டில் அவளும் அப்பாவும்தான். கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

“நர்சிங் போறேன்ணா. திருச்சியில. மார்க் வந்துரும், அதுல சந்தேகமே இல்ல.”

“ஹாஸ்டல், நாலு வருஷம். பேங்க்ல கேக்கணும்.”

“அப்பா போடுவாரு. உன் கதை வேற, என் கதை வேற. என்னைய அவர் இன்னைக்கு வரைக்கும் டீ போட்டு எழுப்பி விடறாரு தெரியுமா?”

எனக்குத் தெரியாது. அம்மா காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நான் காலே வைக்கவில்லை. இப்போதும் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பதோடு சரி.

ஏப்ரல் 13

பெரம்பலூர்ப் பக்கம். நடுவர் வழக்கம்போலக் கலியமூர்த்தி ஐயா, கும்பகோணத்து ஓய்வு பெற்ற பேராசிரியர். அப்பா என் கதையைச் சொல்லி, காது ஜோக்கைச் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் ஒருத்தன் எழுந்து கத்தினான்.

“பையன் சரிங்கய்யா. பொண்ணு இருந்தா என்ன பண்ணுவீங்க?”

அப்பா ஒரு நொடி நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். கைதட்டல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற நிற்பு.

“இருக்கா. இந்த வருஷம் பன்னெண்டாவது. அவளுக்கும் கையெழுத்துக் கிடையாது. அம்மன் சந்நிதியில சொல்றேன், எழுதி வச்சுக்கங்க. ஆணுக்கு ஒரு நியாயம் பொண்ணுக்கு ஒரு நியாயம் மாசிலாமணிகிட்ட இல்ல.”

அப்படி ஒரு கைதட்டலை நான் இதுவரை கேட்டதில்லை. ஒற்றைக் காதிலேயே வலித்தது. சமத்துவமாம். பெண்ணின் படிப்பைப் பிடுங்கிக்கொண்டு சமத்துவம் என்று பெயர் வைத்தால் பெண்களும் சேர்ந்து தட்டுகிறார்கள்.

வரும்போது பின்னாலிருந்து குனிந்து, “இன்னைக்கு நல்லா அமைஞ்சுருச்சு” என்றார். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தேன். முன்னால் வண்டியே இல்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. பாயசத்தோடு எழினி வருவாள் என்று பார்த்தால் செல்போனோடு வந்தாள். நேற்றுப் பேசியதை யாரோ படம் எடுத்துப் போட்டிருக்கிறான். அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

“கேட்டேன்ணா. சும்மா மேடைக்குத்தானேப்பான்னேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? ‘அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். நாளைக்கு நான் போட்டேன்னு தெரிஞ்சா எவன் என்னை மேடை ஏத்துவான்’னாரு.”

அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் சமாதானமாகி இருப்பேன்.

“இன்னைக்கு டீ போட்டாரா?”

“போட்டாரு. சர்க்கரை வேற தூக்கலா.”

ஏப்ரல் 20

உப்பிலியபுரத்திலிருந்து ஒரு விவசாயி தண்ணீர் மோட்டார் கொண்டுவந்தார். கூடவே மகன், மீசை இப்போதுதான் அரும்புகிறது. நான் யார் மகன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“உங்கப்பா பேச்சைக் கேட்டுத்தான் தம்பி எனக்குப் புத்தி வந்துச்சு. இவன் ஐ.டி.ஐ. சேத்து விடுன்னு நச்சரிக்கிறான். ஒரு பைசா கிடையாதுன்னுட்டேன். திருச்செங்கோட்டுல போர்வண்டிக்கு ஆள் எடுக்கறாங்களாம். போகட்டும். உங்களை மாதிரி வரட்டும்.”

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன். “இங்க வாங்க. எனக்கு இடது பக்கமா நில்லுங்க. ஏதாவது பேசுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். ஏதோ பேசினார். நான் அவரைப் பார்க்காமல் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்திவிட்டார் என்பதே மகனின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

“இதுதான் போர்வண்டி. என் கூட வேலை பார்த்த சின்னராசுக்குக் கேசிங் பைப் விழுந்து கால் போச்சு. அவங்கப்பா மேடையில பேசறதில்ல, அதனால உங்களுக்குத் தெரியல.”

அவர் மோட்டாரைக்கூட வைக்காமல் கிளம்பிவிட்டார். போகும்போது மகனிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். திமிர் என்று சொல்லியிருப்பார். சொல்லட்டும்.

கம்பி வந்து சேர்ந்தது. ஒரு கட்டு குறைகிறது. போன் போட வேண்டும்.

ஏப்ரல் 27

முசிறி. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அரவணைப்பு அணித் தலைவருக்குக் காய்ச்சல். வரவில்லை. மேடை ஏறுகிற நேரத்தில் கலியமூர்த்தி ஐயா அப்பாவிடம், “புலவரே, இன்னைக்கு நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க” என்றார். பட்டிமன்றத்தில் இது சகஜம். இன்றைக்கு இந்த அணி, நாளைக்கு அந்த அணி. வக்கீலைப் போல. அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

எழுந்து துண்டைச் சரி செய்துகொண்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“எம் மகன் வாசக்கால்ல வந்து நின்னான். கையில பேங்க் தாளு. உள்ள வரல. சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருந்தான், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. பயம். அப்பன்கிட்ட ஒரு கையெழுத்துக் கேக்கறதுக்குப் பயம். பாத்தேன். பொத்தானைச் சரியாப் போடுடான்னு கிட்டப் போனேன். நானே போட்டு விட்டேன். தாளை வாங்கினேன். பேனாவைத் திறந்தேன். போட்டேன்யா.”

அப்புறம் கல்லூரிக்குத் தோளில் பெட்டி சுமந்து கொண்டுபோய் விட்டது, அம்மாவின் சங்கிலியை விற்றது, விடுதி வாசலில் இவர் அழுதது. எல்லாம் பொய். கூட்டம் மூக்கைச் சிந்தியது.

ஆனால் பொத்தான் பொய் இல்லை.

எனக்கே மறந்து போயிருந்தது. அன்றைக்கு அவர் போட மாட்டேன் என்றதும் பையோடு திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள், “தம்பி, பொத்தானு மாறிக் கிடக்கு பாரு” என்றார். பதினோரு வருஷம் முன்னால். நான் கையெழுத்துக் கேட்டபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்த்திருக்கிறார். பயத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு தகப்பன் அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது வரிசை மாறாமல் தெரிந்திருக்கிறது: எழுந்திரு, கிட்டப் போ, பொத்தானைப் போடு, பேனாவைத் திற. தெரியாதவரை மன்னிக்கலாம். தெரிந்தவரை என்ன செய்வது?

ராட்டினத்துப் புழுதி கண்ணில் விழுந்து, வண்டி எடுக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 28

சுகந்தியிடம் சொல்லவில்லை.

மே 2

தொட்டியத்தில் மறுபடி அதே ஏற்பாடு, அரவணைப்பு அணியில் அப்பா. கமிட்டிக்காரர்களே கார் அனுப்பியதால் நான் போக வேண்டிய அவசியம் இல்லை. தொட்டியத்தில் எனக்கு ஒரு மோட்டார் கொடுக்க வேண்டியிருந்தது, அதனால் போனேன்.

“தொட்டியத்துல யாரு மோட்டார்?” என்று கேட்டாள் சுகந்தி.

பேர் ஞாபகம் இல்லை என்றேன்.

இந்தத் தடவை பொத்தானைப் போட்டுவிட்டபின் மகனின் தலையைத் தடவுகிறார். போன தடவை அது இல்லை.

மே 9

மார்க் வந்தது. சொன்னபடியே வாங்கிவிட்டாள். திருச்சிக் கல்லூரியில் இடம் உண்டு, மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். இரண்டு பேரும் பேங்குக்குப் போனோம். என் கையெழுத்துப் போதுமா என்று கேட்டேன். மேனேஜர் நல்ல மனுஷன்தான்.

“உங்க கடைக்குக் கணக்கு வழக்குக் காட்ட ஒண்ணுமே இல்லையே தம்பி. அப்பா பென்ஷன் வாங்கறாரு. அவர் சேந்து கையெழுத்துப் போடட்டும், அடுத்த வாரமே முடிச்சுக் கொடுக்கறேன். ஏன், அவருக்கு என்ன தயக்கம்?”

எழினி சொன்னாள்: “தயக்கமெல்லாம் இல்ல சார். கொள்கை.”

மே 12

பல வருஷத்துக்குப் பின் வீட்டுக்குள் போனேன். அதே நாற்காலி. அதே பேப்பர்.

“எழினிக்குக் கையெழுத்துப் போடுங்க.”

“உக்காரு. மோர் குடிக்கிறியா?”

“போடுங்கப்பா.”

“நீ என் கையெழுத்து இல்லாமலே நின்னுட்டியா இல்லையா? அதுதான்டா எனக்குப் பெருமை. அவளும் நிப்பா.”

போர்வண்டியை விட்டு நான் திரும்பி வந்த நாளிலும் இதையேதான் சொன்னார். காதில் சீழோடு வந்து நின்றேன். “பாத்தியா, நின்னுட்ட” என்றார். அடுத்த மாதமே அதை மேடையில் சொன்னார்.

“நின்னேன். எங்க நின்னேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? எம் பொண்டாட்டி ரகசியம் பேசணும்னா எந்திரிச்சு வலது பக்கம் வரணும். அதை ஜோக்குன்னு விக்கறீங்க. சொந்தக்காலு சொந்தக்காலுங்கறீங்களே, உங்களை மேடைக்கு யாரு கொண்டுபோய் விடறது? யாரு வண்டி? யாரு சுக்குத் தண்ணி?”

பேப்பரை மடித்தார்.

“அன்னைக்கு எம் பொத்தானை நீங்க பாத்தீங்களா இல்லையா?”

“அது மேடைக்குச் சொல்றதுடா. கேக்கறவனுக்குக் கண்ணு முன்னாடி தெரியணுமில்ல.”

“பாத்தீங்களா?”

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். மோர் கொண்டுவந்தபோது நான் வாசலில் இருந்தேன். டம்ளரோடு வாசக்காலிலேயே நின்றார், வெளியே வரவில்லை. நான் குடிக்கவில்லை.

மே 13

ஒரு மோட்டாரைத் தப்பாகக் கட்டி, பிரித்து மறுபடி கட்டினேன். சுகந்தியிடம் கத்தினேன். பதிலுக்கு அவளும் கத்தினாள். “உங்கப்பா மேல இருக்கறதை அங்க போய்க் கொட்டுங்க. எம் பிள்ளை உள்ள இருந்து கேட்டுட்டு இருக்கு.”

மே 16

கலியமூர்த்தி ஐயாவுக்குப் போன் போட்டேன். 24ஆம் தேதி நம்ம ஊர் வைகாசித் திருவிழாவில் அவர்தான் நடுவர்.

“ஐயா, அன்னைக்கு அப்பாவை அரவணைப்பு அணியில உக்கார வைக்கணும்.”

“ஏன் தம்பி? அவரு அதுலயும் பிரமாதமாத்தான் பேசறாரு. ஆனா உங்க ஊர்க்காரங்க கண்டிப்பு மாசிலாமணியைத்தானே கேக்கறாங்க?”

“முசிறியில பேசினது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

“நீங்க கேட்டீங்களா அதை” என்றார். பிறகு, “சரி. பொண்ணுக்கும் கையெழுத்துக் கிடையாதுன்னு அவரு சொன்னப்ப நானும் மேடையிலதான் இருந்தேன். எனக்கும் ரெண்டு பொண்ணு” என்றார். நான் வேறொன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

எழினியிடம் மட்டும் முழுசாகச் சொன்னேன். “பேனா எதுண்ணா, நீலமா கறுப்பா?” என்றாள்.

மே 24

மைக் செட்டுக்காரன் நம்ம சேகர். ஜெனரேட்டர் நான் பழுது பார்த்தது. அதனால் மேடைக்குப் பக்கவாட்டில், படிக்கட்டுக்குக் கீழே எனக்கு இடம். பெருமாள்மலை அடிவாரம் கொள்ளாத கூட்டம். அப்பாவின் பழைய மாணவர்கள், காலனிக்காரர்கள், பேங்க் மேனேஜர், என்னிடம் மோட்டார் கட்டக் கொடுக்கிறவர்களில் பாதிப் பேர்.

அரவணைப்பு அணி என்று நடுவர் அறிவித்ததும் அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் தெரியும் நான் பாலிடெக்னிக் போகவில்லை என்று. இங்கே அந்தக் கதை எடுபடுமா என்று யோசித்திருப்பார். மாற்றிச் சொல்வார் என்று நானும் பயந்தேன். ஆனால் மேடை ஏறியபின் அவருக்கு உண்மை பொய் எல்லாம் கிடையாது. எழுந்தார், நின்றார், ஆரம்பித்தார்.

“ஒரு அப்பன்கிட்ட பிள்ளை வந்து நிக்குது. வாசக்கால்ல. கையில பேங்க் தாளு.”

யார் பிள்ளை என்று சொல்லவில்லை. கெட்டிக்காரர். பொத்தான் வந்தது. பயம் வந்தது. கிட்டப் போனது வந்தது. கூட்டத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் என்று நினைக்கிறேன். எனக்கு ஜெனரேட்டர்தான் கேட்டது.

“தாளை வாங்கினான் அந்த அப்பன். பேனாவைத் திறந்தான்.”

பக்கத்தில் நின்ற எழினியின் முதுகில் லேசாகத் தட்டினேன். படியேறிப் போனாள். பள்ளிக்கூடச் சீருடை. அது அவளாகவே போட்டுக்கொண்டு வந்தது, நான் சொல்லவில்லை. மைக்குக்கு முன்னால் போய் நின்று தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று கூட்டம் நினைத்துவிட்டது. தட்ட ஆரம்பித்தது. அப்பா தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மேடைக்குக் கீழே, இருட்டுக்குள், நேராக நான் இருக்கிற இடத்தைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. அவர் பேச்சு மேடையில் நின்று நான் பார்த்ததே இல்லை.

கலியமூர்த்தி ஐயா தன் மைக்கை இழுத்து மெதுவாகச் சொன்னார்: “புலவரே, பேனா திறந்தேதான் இருக்கு.”

வாங்கினார். தாளைப் பேச்சு மேசையில் வைத்துக் குனிந்தார். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தான்.

நிமிர்ந்ததும் எழினி தாளைப் புரட்டினாள். அவள் சொன்னது மைக்கில் ஊருக்கே கேட்டது.

“இன்னும் ரெண்டு இடத்துல போடணும்ப்பா.”

அடிவாரமே சிரித்தது. போட்டார், இரண்டு இடத்திலும். அவள் மை காய ஊதிக்கொண்டே இறங்கி வந்தாள். மேனேஜர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா மைக்கைப் பிடித்தார். “போட்டேன்யா” என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை.

மூன்று கையெழுத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

வண்டியில் பின்னால் ஏறினார். காலனி திருப்பத்தில் குனிந்து வலது காதில் சொன்னார்.

“லைட்டு வெளிச்சம் மேல இருந்து விழுந்துச்சு. குனிஞ்சு கையெழுத்துப் போடும்போது எம் மூஞ்சி யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

மே 26

பேங்கில் வேலை முடிந்தது. அப்பா வெள்ளை வேட்டி, துண்டோடு வந்தார். வாசலில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். “அப்பான்னா இப்படி இருக்கணும்” என்றார் ஒருவர். என்னிடம்.

ஜூன் 7

எழினி விடுதிக்குப் போய்விட்டாள். நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டி கனம்.

மாலையில் குளித்தலை. அப்பா மறுபடி கண்டிப்பு அணி. இப்போது கதைக்குப் புது வால் முளைத்திருக்கிறது. “மகனுக்குப் போடல, நின்னான். மக மேடைக்கே வந்து தைரியமாக் கேட்டா, போட்டேன். கேக்கற தைரியத்தை வளத்தது யாரு? என் கண்டிப்பு.” கைதட்டல். எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் அரைத்துக் கைதட்டலாக்கிவிடுகிறார். நான் போட்ட திட்டமும் மாவாகிவிட்டது.

காது ஜோக் வருகிற இடத்தில் பிளாஸ்க்கைத் திறந்து, மூடி, திறந்துகொண்டு நின்றேன். “ஒரே ஒரு குறை” என்றார். நின்றார். “என்ன குறைன்னு கேக்காதீங்க” என்று தாண்டிப் போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மறந்திருப்பார். வயசாகிறது.

ஜூன் 15

காலையில் சுகந்திக்கு வலி. அரசு ஆஸ்பத்திரி. மத்தியானத்துக்குள் பெண் குழந்தை, சுகப் பிரசவம். நர்ஸ் இடது கைப் பக்கமாகக் கொடுத்தாள். நான் வலது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அப்பா பஸ் பிடித்து வந்திருந்தார். குழந்தையைப் பார்த்தார், தொடவில்லை. பேர் என்ன என்று ஆரம்பித்து ஒரு சொற்பொழிவு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சுகந்தியின் அம்மா இருந்ததால், துணி எடுத்து வர நான் வீட்டுக்குக் கிளம்பினேன். அவரும் கூட வந்தார்.

பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் சுற்றிக்கொண்டு போய் முன்கதவைத் திறந்தார். சீட்டில் கிடந்த மோட்டார் மூடியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேட்டியெல்லாம் கிரீஸ். நான் வண்டியை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் பேச ஆரம்பித்தார். கண்ணோரத்தில் வாய் அசைவது தெரிந்தது. கையை ஆட்டவில்லை. மேடையில் அவருக்குக் கை நிற்காது. இப்போது இரண்டு கையும் அந்த மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தன. ரோட்டைத்தான் பார்த்தார். பாலக்கரை, உழவர் சந்தை, ரயில்வே லைன் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் இடம் எல்லாம் தாண்டியது. நிறுத்தவில்லை. நடுவில் ஒரு தடவை சட்டைப் பொத்தானைத் தொட்டார். தன்னுடையதைத்தான்.

அந்தப் பக்கம் எனக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். ஊர் ஊராகச் சொன்னவரே அவர்தான்.

நான் திரும்பவில்லை. வண்டியை ஓரம் கட்டவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. கேட்கமாட்டேன். இவ்வளவு செய்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் செத்த காதில் சொல்லிவிட்டுப் போனால் கணக்குத் தீர்ந்துவிடுமா? ஆயிரம் பேருக்கு மைக்கில் சொல்லத் தெரிந்தவருக்கு எனக்குச் சொல்ல வலது பக்கம் வரத் தெரியாதா? கோபத்தில் பல்லைக் கடித்ததில் தாடை இன்னும் வலிக்கிறது. மெதுவாகத்தான் ஓட்டினேன். ரோடு மோசம்.

காலனி வாசலில் இறங்கினார். மூடியைச் சீட்டில் திருப்பி வைத்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, ஜன்னலில் குனிந்து, வலது காதில் சொன்னார்.

“வரும்போது பால் வாங்கிட்டு வா. உனக்கு டீ போடறேன்.”

ஜூன் 16

துணி துவைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். மோட்டார் மூடியை வண்டியிலிருந்து எடுத்துக் கடையில் போட்டேன், முன்சீட்டைத் துடைத்தேன்.